தாருக்கு மேல் தேரை

ஆகஸ்ட். கேப் டவுனில் வடமேற்குக் காற்று
மழையைச் சாய்த்து ஊற்றுகிறது.
இரவு எட்டரைக்கு ஃபல்தீலாவின் செய்தி:
“கிளம்பிவிட்டன. வாளி எடுத்து வா.”

பகலில் அவள் டயர் விற்பவள்.
நான் காப்பீட்டு அலுவலகத்தில்
இழப்பீடு கேட்பவர்களுக்கு
‘இல்லை’ என்று பணிவாக எழுதுகிறவன்.
இந்த மூன்று வாரம் மட்டும்
மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு
ஏரிக்கரைச் சாலையில்
இருவரும் குனிந்தே நடக்கிறோம்.

ஏரியின் பெயரில் ஒரு நீர்யானை இருக்கிறது.
ஏரியில் இல்லை.

இவற்றுக்குச் சிறுத்தைத் தேரை என்று பெயர்.
மஞ்சள் முதுகில் பழுப்புத் திட்டுகள்,
காபி சிந்திய மேசைவிரிப்பு மாதிரி.
ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இல்லை என்பதால்
படமெடுத்து எண் கொடுக்கிறோம்.
ஆண்டு முழுக்க யார் தோட்டத்திலோ
பூந்தொட்டிக்கடியில் வாடகை தராமல் இருந்துவிட்டு
மழை கனத்த ஓர் இரவில்
பழைய நீரை நினைத்துப் புறப்படுகின்றன.
இடையில் சுவர், சுவர்,
நீச்சல் குளம், மறுபடி சுவர்.
அப்புறம் தார்.

கல்லுக்குள் தேரைக்கும்
படியளப்பவன் உண்டு என்பார்கள்.
தாருக்கு மேல் தேரைக்கு
படி யார் கையில் என்று தெரியவில்லை.
தற்போதைக்கு என்னிடம் ஒரு பெயின்ட் வாளி.

தவளை தன் வாயால் கெடும் என்பதும்
இந்தச் சாலையில் செல்லாது.
வாயால் தூக்கம் கெட்டவர் ஒருவரே,
மூலைவீட்டு டிலூன்.
ஆண்தேரைகள் விடிய விடியக் குறட்டை விடுவதாக
நகராட்சிக்கு நான்கு கடிதம் போட்டவர்.
தேரைகள் கெடுவது காலால்.
நடப்பதால்.

இறந்ததற்கும் கணக்கு உண்டு.
முதுகு மிஞ்சியிருந்தால் படம்.
இல்லையென்றால்
நோட்டில் ஒரு கோடு.

பத்து மணி இருக்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டு நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தாள்.
இரண்டு ஆகஸ்டாகத் தெரிந்தவள்,
இடது தோளில் குதிரைலாடம் போல ஒரு திட்டு.
நான் இந்தப் பக்கம், வாளி அந்தப் பக்கம்,
வளைவில் ஒரு மினிபஸ் டாக்சி.
என் டார்ச்சை எதற்கென்று நினைத்தாரோ ஓட்டுநர்,
போலீஸ் என்றுதான் நினைத்திருப்பார்,
தண்ணீர் தெறிக்க நிறுத்தினார்.
உள்ளே பதினான்கு பேரின் முணுமுணுப்பு.
ஹாரன் வேறு.

கதவைத் தள்ளி ஒருத்தி இறங்கினாள்.
நர்ஸ் செருப்பு, சட்டைமேல் பெயர் அட்டை: நொம்வூயோ.
பையிலிருந்து கையுறை எடுத்து
இரண்டு கையிலும் நிதானமாக மாட்டினாள்.
பிரசவ வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறாளாம்.
தூக்கி, வயிற்றை டாக்சி வெளிச்சத்தில் பார்த்து,
“இவளுக்கு நாள் நெருங்கியாச்சு,
நிற்கவைத்துப் பேசாதீங்க” என்று
என்னைத்தான் திட்டினாள்.

அவள் வாளியைத் தொடும்போதே
டாக்சியை முந்திக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் போனது.
பார்க்காத ஒன்று அந்தப் பக்கம் இருந்திருக்கிறது.
சத்தம் பெரிதில்லை.
ஈரத் துணியைத் தரையில் போட்டது போல.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஹாரன் நின்றிருந்தது.
கையுறையை உருவி எங்கே போடுவதென்று தெரியாமல்
என்னிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஒரு மணிக்குக் கூட்டிப் பார்த்தோம்.
ஐம்பத்தேழு. கோடுகள் ஒன்பது.
ஃபல்தீலா கடைக்கு ஏழு மணிக்குப் போகவேண்டும்.
“நாளைக்கும் மழையாம்” என்றாள்,
சலிப்பா சந்தோஷமா, எனக்குப் பிடிபடவில்லை.

தனியாகத் திரும்பும்போதுதான் கண்டேன்:
டிலூன் வீட்டுச் சுவரின் அடியில்
ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை.
புதிது. உளி பட்ட இடம் வெளுப்பாக இருந்தது,
சிமென்ட்டுத் தூள் மழையில்
பாலாகக் கரைந்து வழிந்தது.
குழாய் போட உடைத்தாரோ என்னவோ.
வீட்டில் விளக்கில்லை.

குனிந்து டார்ச் அடித்தேன்.
உள்ளே இரண்டு கண்.
பாதி வழியில் நின்று
என்னையே பார்த்தன.

அணைத்துவிட்டு
ஓரமாக நின்றேன்.